ஒரு ஜூன் முந்தி: எல்லைப்பக்கத்துப் பையன் ஒருவனின் தசைச்சிதைவும் பள்ளிக்கூடமும்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் வழிப் பள்ளி. கிழக்கே கொஞ்ச தூரம் போனால் செக்போஸ்ட், அதைத் தாண்டினால் பொள்ளாச்சி ரோடு. அந்த வட்டாரத்துப் பள்ளிகளைச் சுற்றி வரும் சிறப்பாசிரியை நான். இந்த ஆய்வில் வரும் பையனை வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே சின்னவன் என்று எழுதுகிறேன். அவனுக்கு மேலே ஒரு அக்கா, பெரியவள். ஆள் அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்த காரணம்

சின்னவன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது வகுப்பு டீச்சர் எனக்குக் கொடுத்த சீட்டில் இரண்டே வரி: "படிப்பில் மந்தம். எழுந்திருக்கச் சோம்பல்." படிக்கக் கஷ்டப்படும் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு வாசிப்பு அட்டைகளோடு போனேன்.

பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் ஓடிவிட்டார்கள். சின்னவன் முதலில் குப்புறத் திரும்பினான். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றிப் பின்பக்கத்தைத் தூக்கினான். அப்புறம் ஒரு கையை முழங்காலில் வைத்து, மறு கையைத் தொடையில் வைத்து, தன் உடம்பின் மேலேயே தான் ஏறுகிற மாதிரி எழுந்து நின்றான். கவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1879இல் எழுதி வைத்தது இதைத்தான். இன்றும் அவர் பெயரில்தான் இந்த அடையாளம் அறியப்படுகிறது. பயிற்சியில் படத்தில் பார்த்ததை முதல்முறையாக நேரில் பார்த்தேன். வாசிப்பு அட்டைகளைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

கெண்டைக்கால் இரண்டும் பந்து மாதிரி திரண்டிருந்தன. அப்பா தென்னந்தோப்புகளில் தேங்காய் உரிக்கப் போகிறவர். "எங்க ஐயன் கால் மாதிரி டீச்சர், இவன் மல்லனாட்ட வருவான்" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அந்தத் திரட்சியில் பாதி கொழுப்பும் நாரும். தசை கரைந்துபோன இடத்தை அவை நிரப்பியிருந்தன.

அதற்கு முந்திய ஒரு வருடம் வீட்டில் கீழாநெல்லி ஓடிக்கொண்டிருந்தது. காய்ச்சலுக்குப் போன இடத்தில் ரத்தம் பார்த்து, எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் கூடியிருப்பதால் கல்லீரல் கோளாறு என்று சொல்லியிருக்கிறார்கள். டானிக், பத்தியம், எண்ணெய் இல்லாத சாப்பாடு என்று எட்டு மாதம் போனது. அந்த இரண்டு என்சைம்களும் கல்லீரலில் மட்டும் இருப்பவை அல்ல, தசை உடைந்தாலும் ரத்தத்தில் கூடும். கூடவே தசை உடைவதைக் காட்டும் சி.கே. என்ற ஒரு ரத்தச் சோதனையைச் செய்திருந்தால் அன்றைக்கே விஷயம் பிடிபட்டிருக்கும். கோவையில் அதைப் பார்த்தபோது 16,000த்தைத் தாண்டியிருந்தது. சாதாரணமாக 200 சொச்சத்தில் நிற்க வேண்டியது.

எம்.எல்.பி.ஏ. என்ற மரபணுச் சோதனை வந்த பிறகு பெயர் உறுதியானது: டூஷேன் தசைச்சிதைவு. எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் டிஸ்ட்ரோபின் மரபணு மனித மரபணுக்களில் மிக நீளமானவற்றில் ஒன்று, அதில் எக்ஸான் என்ற துண்டுகள் 79. சின்னவனுக்கு நடுவில் சில துண்டுகள் விடுபட்டிருந்தன. அதனால் தசை நாரைத் தாங்கிப் பிடிக்கும் புரதம் உருவாகவில்லை. ஒவ்வொரு அசைவிலும் தசை கொஞ்சம் கிழிகிறது, கிழிந்தது முழுசாக ஆறுவதில்லை.

அம்மாவுக்கும் சோதனை செய்தார்கள். அவரிடமும் அந்தக் குறை இருந்தது. மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குத் தாயிடம் எதுவும் இல்லாமல் புதிதாகவே வருகிறது; இவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அப்பா வழிச் சொந்தத்தில் அப்புறம் நடந்த பேச்சுகளை இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு விஷயம் மட்டும். இந்தக் குறையைச் சுமக்கும் பெண்களுக்கும் இதயத் தசை பலவீனப்படலாம் என்பதால் அம்மாவும் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரியவளுக்கு இப்போதே சோதனை செய்யலாமா என்று அவர்கள் கேட்டபோது, அவளே புரிந்துகொண்டு முடிவு செய்யும் வயது வரட்டும் என்று மருத்துவர் சொன்னார்.

நாற்பது

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து தொடங்கியாயிற்று. அடுத்தது பள்ளி. எங்கள் பட்டியல் பெரியது அல்ல. தரைக்குப் பதில் நாற்காலி, ஓட்டம் கிடையாது, ஐந்தாம் வகுப்புக்குப் போகும்போது மாடி வகுப்பு வேண்டாம், இவ்வளவுதான். தலைமையாசிரியர் நல்ல மனிதர். ஆனால் சான்றிதழைக் கொண்டுவாருங்கள் என்றார். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தசைச்சிதைவு தனி வகையாகவே இருக்கிறது, அதனால் கிடைத்துவிடும் என்று நானும் அனுப்பி வைத்தேன்.

மருத்துவக் குழு அவனை நடக்கச் சொன்னது. நடந்தான். கையைத் தூக்கச் சொன்னது. தூக்கினான். 35 சதவீதம், தற்காலிகச் சான்று, இத்தனை நாள் கழித்து மறுபரிசோதனை என்று எழுதிக் கொடுத்துவிட்டது. "நாற்பது இல்லையே டீச்சர்" என்றார் தலைமையாசிரியர்.

இந்த நாற்பதைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பல பள்ளிகளில் இதே கதவில்தான் முட்டிக்கொள்கிறோம். உதவித்தொகை, இடஒதுக்கீடு, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்கிற 31ஆவது பிரிவு, இவற்றுக்கெல்லாம் 40 சதவீதம் தேவை. பள்ளிக்கூடம் செய்து கொடுக்க வேண்டிய வசதிகளைச் சொல்லும் 16ஆவது பிரிவில் அந்த எண்ணே இல்லை. கட்டடத்துக்குள் போய்வர வழி, பிள்ளையின் தேவைக்கேற்ற மாற்றங்கள், தனிப்பட்ட உதவி எல்லாம் மாற்றுத்திறன் உள்ள எந்தப் பிள்ளைக்கும் என்றுதான் அதில் இருக்கிறது. ஒரு வகுப்பை மாடியிலிருந்து கீழே மாற்ற அரசாணை வேண்டியதில்லை, ஐந்து பைசா செலவில்லை. அந்தப் பக்கத்தை நகலெடுத்து, கோடு போட்டுக் கொடுத்தேன். அவர் மரியாதையாக வாங்கி மேஜைக்குள் வைத்தார்.

இன்னொரு நாள், வேறொருவர் வழியாக, "வீட்டிலேயே படிக்கட்டுமே, நீங்களே போய்ச் சொல்லித் தரலாமே" என்று ஒரு யோசனை வந்தது. கடுமையான மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்கு வீட்டிலிருந்தே கல்வி பெற உரிமை உண்டு என்று 2012இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அது பிள்ளை கேட்டால் கிடைக்க வேண்டியது. பள்ளி எடுத்து நீட்டுவதற்கு அல்ல. அம்மாவிடம் கேட்டேன். "இஸ்கோலு இல்லாட்டி அவன் என்னங்க டீச்சர் பண்ணுவான், செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பானா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தலைமையாசிரியரின் மனதை மாற்றியது சட்டமும் இல்லை, நானும் இல்லை. நான்காம் வகுப்பில் ஒரு நாள் உடற்பயிற்சி வகுப்புக்கு வேறொரு ஆசிரியர் வந்திருக்கிறார். சத்தம் போட்டதற்காக வகுப்பு முழுவதற்கும் தோப்புக்கரணம். சின்னவன் முப்பதோ நாற்பதோ போட்டிருக்கிறான். மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து தானும் போட்டதில் அவனுக்கு ஒரு சந்தோஷம் வேறு. மறுநாள் காலையில் மூத்திரம் பால் விடாத கட்டஞ்சாயா நிறத்தில் போனது.

உட்கார்ந்து எழுவது, படி இறங்குவது, குதிப்பது என்று தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும் எல்லா வேலையும் இந்தப் பிள்ளைகளின் தசையைக் கிழிக்கும். அளவு மீறினால் கிழிந்ததெல்லாம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்கு வரும். இரண்டு நாள் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தலைமையாசிரியர் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த ஜூனில் ஐந்தாம் வகுப்பு கீழே வந்தது. மாடிக்குப் போனது கம்ப்யூட்டர் அறை. (பிறகு கம்ப்யூட்டர் வகுப்புக்குச் சின்னவன் எப்படி ஏறுவான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை, நான் உட்பட. அதற்கு இன்னொரு வருடம் பிடித்தது.)

வலிக்கணும்

சிகிச்சையின் கதை வேறு வழியில் போனது. பி.ஆர்.சி. என்கிற வட்டார வள மையத்தில் வாரம் ஒரு நாள் பிசியோதெரபி. பஸ்ஸின் படி உயரம், ஏறுவதற்குள் கண்டக்டர் விசிலடித்துவிடுவார். ஆட்டோ என்றால் அம்மாவின் தொழிலுறப்பு (நூறு நாள் வேலை) கூலியில் பாதி போய்விடும். அதனால் உடுமலைப் பக்கத்திலிருந்து அம்மாயி வந்து தங்கி, பேரனைக் கூட்டிப்போனார்.

ஒரு மாதம் கழித்துப் பையன் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னான்: "அம்மாயி கால ஒடிக்குது டீச்சர்."

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அம்மாயி அவன் பாதத்தை முழுப் பலத்தோடு மேலே தள்ளிக்கொண்டிருந்தார். அவன் கத்துகிறான், அவர் விடவில்லை. ஏனுங்கம்மா இப்படி என்று கேட்டால், "அந்தத் தம்பிதானுங்க சொல்லுச்சு, நல்லா வலிக்கணும்னு. இன்னும் கொஞ்சம் வலிக்கட்டும், அப்பத்தான் சரியாகும்" என்றார். பிசியோதெரபிஸ்ட் பாலக்காட்டுப் பக்கத்து இளைஞர், அருமையான கை. அவர் மலையாளத்தில் சொன்னது: "திவசவும் காலு நன்னாயி வலிக்கணம்." தினமும் காலை நன்றாக இழுக்க வேண்டும் என்று அர்த்தம். வலி என்பதற்கு மலையாளத்தில் வேதனை என்பார்கள், வலிப்பது என்றால் இழுப்பது. அம்மாயிக்குக் கேட்டது தமிழ். அதோடு இன்னொரு வருத்தமும் அவருக்கு இருந்தது. "புள்ளையக் கூட்டிட்டுப் போன எடத்துல தெவசம் தெவசம்ங்குதுங்க அந்தத் தம்பி."

சிரிப்பு வந்தது. ஆனால் ஒரு மாதமாக அந்தப் பிள்ளை அழுதிருக்கிறான். எல்லைப்பக்கத்தில் இருக்கிற நாங்கள் எல்லோருக்கும் இரண்டு மொழியும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். வீட்டில் காலைப் பிடிக்கப்போகும் கைக்கு எந்த மொழி தெரியும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். வீட்டுப் பயிற்சித் தாளும் மலையாளத்தில்தான் இருந்தது, அது சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

மறு வாரம் நானும் கூடப் போனேன். மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு தாள் வரைந்தோம். கோட்டுப் படம், பக்கத்தில் தமிழில் இரண்டிரண்டு சொல். முழங்காலை நீட்டி வைத்து, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை மெல்ல மேலே கொண்டுவந்து இருபது எண்ணும்வரை பிடிப்பது. இழுவை தெரியலாம், பையன் முகம் சுளித்தால் அதுதான் எல்லை. காலுக்குப் பத்துத் தடவை, வாரத்தில் ஐந்தாறு நாளாவது. அப்புறம் குப்புறப் படுத்து டிவி பார்ப்பது. இடுப்பு மடங்கிப்போகாமல் இருக்க அதைவிட மலிவான மருத்துவம் எனக்குத் தெரியாது, சின்னவனுக்கும் அது மட்டும்தான் பிடித்திருந்தது. உண்மையான சிகிச்சை வீட்டில் நடக்கும் இந்தக் கால் மணி நேரம். வாரத்துக்கு ஒருமுறை பி.ஆர்.சி.க்குப் போவது அது சரியாக நடக்கிறதா என்று பார்க்க. இதைப் புரிந்துகொண்ட பிறகு பயணத்தை மாதம் இரண்டாகக் குறைத்தோம், கூலியும் மிச்சமானது.

இரவில் மட்டும் போட்டுக்கொள்ள ஏ.எஃப்.ஓ. என்ற கணுக்கால் தாங்கியைக் கோவையில் அளவெடுத்துச் செய்தார்கள். நடுவில் ஒரு முகாமில் யாரோ நல்லெண்ணத்தோடு, போலியோ பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மாதிரி இரும்புக் காலிப்பரைப் பகலில் போட்டு நடக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தப் பிள்ளைகள் விரல் நுனியில் எக்கி, வயிற்றைத் தள்ளி நடப்பது கெட்ட பழக்கத்தால் அல்ல. பலவீனமான தொடையையும் இடுப்பையும் வைத்துக்கொண்டு விழாமல் நிற்க உடம்பு கண்டுபிடித்த உபாயம் அது. அதைக் கட்டிப்போட்டால் விழுவார்கள். ஒரே நாளில் இரண்டு முறை விழுந்தான். காலிப்பர் இப்போது கோழிக் கூண்டுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

ஸ்டெம்செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் கேட்டு ஒரு வாட்ஸ்அப் விளம்பரம் வந்தது, அப்பா தோட்டத்தை விற்கும் யோசனையில் இருந்தார். இந்த நோய்க்கு ஸ்டெம்செல்லை ஆராய்ச்சிக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு கொடுக்க நம் நாட்டில் அனுமதியே இல்லை என்று கோவை மருத்துவர் நேரடியாகச் சொன்னதால் தோட்டம் தப்பியது.

வகுப்புக்குள்

ஐந்தாம் வகுப்பில் செய்தவை பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள். பாடப்புத்தகம் இரண்டு செட், ஒன்று வீட்டில், ஒன்று வகுப்பில். பையில் டிபனும் தண்ணீரும் மட்டும். தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது: அந்தப் பாட்டில் தினமும் நிறைந்தபடியே வீடு திரும்பிக்கொண்டிருந்தது. குந்தி உட்காரும் கழிப்பறையில் உட்கார்ந்தால் எழ முடியாது, யாரையாவது கூப்பிட வேண்டும், அதற்கு வெட்கம். அதனால் காலையிலிருந்து நாலு மணி வரை ஒரு சொட்டுக் குடிப்பதில்லை. மலச்சிக்கலுக்கு மருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு அன்றுதான் காரணம் தெரிந்தது. ஓட்டை போட்ட கமோடு நாற்காலி ஒன்றைக் கழிப்பறைக் குழிக்கு மேலே வைத்தோம். பிரச்சினை தீர்ந்தது.

மந்தம் என்று சொன்னதைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிஸ்ட்ரோபின் மூளையிலும் வேலை செய்கிறது. மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குப் படிப்பில் ஏதாவது தடை இருக்கும், முக்கியமாகக் காதில் கேட்டதை மனதில் நிறுத்திவைப்பதில். "நோட்டை எடு, 42ஆம் பக்கம் திருப்பு, மூன்றாவது கணக்கைப் போடு" என்றால் சின்னவன் நோட்டை எடுத்துவிட்டு நிற்பான். ஒவ்வொன்றாகச் சொன்னால் கணக்கைச் சரியாகப் போடுவான். டீச்சர் இதை ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு, "என் மத்த பிள்ளைங்களுக்கும் இதுதான் நல்லாருக்கு" என்றார்.

ஸ்டீராய்டால் பசி பேயாய்ப் பிடித்தது. மதியச் சாப்பாட்டில் பயறும் சோறும் இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை. ஆயா பாசத்தில் அள்ளி வைப்பார். எடை கூடினால் அந்தக் காலால் தூக்க முடியாது என்பதை அவரிடம் சொல்வதுதான் இந்த நாலு வருடத்தில் எனக்குக் கஷ்டமான பேச்சுவார்த்தை. சோற்றைக் குறைத்து, பயறைக் கூட்டி வைக்கச் சம்மதித்தார். முட்டை போடுகிற நாளில் மட்டும் அவர் இஷ்டம்.

சாய்தளம் பள்ளியில் ஏற்கெனவே இருந்தது, யாரோ எதற்கோ கணக்குக் காட்டக் கட்டியது. திண்ணை ஒன்றரை அடி உயரம், சாய்தளம் ஆறடி நீளம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. அப்படியானால் 18 அடி வேண்டும். இருந்ததில் நடந்து இறங்குவது சின்னவனுக்குப் படியைவிட மோசம். வார்டு மெம்பரைப் பிடித்தோம். பஞ்சாயத்தில் பணம் ஒதுக்கி, அவன் ஆறாம் வகுப்புக்கு வரும்போது சரியானது கட்டி முடிந்தது.

என் தவறு

சக்கர நாற்காலி பற்றி ஐந்தாம் வகுப்பிலேயே கோவையில் பேச்செடுத்தார்கள். அம்மா மறுத்தார். "அதுல உக்காந்துட்டா நடக்கறத விட்டுருவானுங்க." நானும் சரி, நடக்கும்வரை நடக்கட்டும் என்று தலையாட்டினேன். நாற்காலி நடையைப் பறிப்பதில்லை. தூரத்துக்கு நாற்காலி, பக்கத்துக்குக் கால் என்று இரண்டும் ஒன்றாகப் போகலாம். எனக்கு இது தெரியும். தெரிந்தும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஆறாம் வகுப்பு, ஐப்பசி மழை. வீட்டு வாசலில் வழுக்கித் தொடையெலும்பு முறிந்தது. ஸ்டீராய்டு எலும்பையும் மெலிய வைக்கும். அன்று ஒரு விஷயம் மட்டும் சரியாக நடந்தது. அவன் பையில் மூன்று மொழியில் ஒரு அட்டை எழுதி வைத்திருந்தோம். தினமும் ஸ்டீராய்டு எடுப்பவன், திடீரென்று நிறுத்தக் கூடாது. மயக்க மருந்தில் சக்சினைல்கோலைன் கூடாது, முகர வைக்கும் மயக்க வாயுவும் கூடாது. எலும்பு முறிந்த பிறகு மூச்சுத் திணறினால் கொழுப்பு அடைப்பா என்று உடனே பார்க்க வேண்டும். இரவு பத்து மணிக்கு, பதறிப்போய் நின்ற அப்பாவால் இதில் ஒன்றையும் சொல்லியிருக்க முடியாது. அட்டையை நீட்டினாராம். மயக்க மருத்துவர் படித்துவிட்டு மருந்தை மாற்றியிருக்கிறார்.

கட்டுப் பிரித்த பிறகு அவன் நடை திரும்பி வரவில்லை. மறுபரிசோதனைக்குப் போனோம், இந்தத் தடவை 75 சதவீதம். நாற்காலிக்கு முகாமில் அளவெடுத்தார்கள். வந்து சேர ஏழு மாதம் ஆனது. அதற்குள் பையன் வளர்ந்திருந்தான், பாதப் பலகையை இறக்கிக் கட்ட வேண்டியிருந்தது. அந்த ஏழு மாதமும் அப்பா காலையிலும் மாலையிலும் வகுப்புவரை தூக்கி வந்தார். அவர் தோப்புக்குப் போக முடியாத நாட்களில் சின்னவன் பள்ளிக்கு வந்தான், அவர் தோப்புக்குப் போன நாட்களில் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அந்தப் பக்கங்கள் என் கணக்கு.

இதே சமயத்தில்தான் உடுமலைக்கே குடிபோய்விடலாமா என்ற யோசனையும் வந்தது. தமிழ்நாட்டில் தசைச்சிதைவு உள்ளவர்களுக்கு அப்போது மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை கிடைத்தது. மின்கலச் சக்கர நாற்காலியும் கொடுக்கிறார்கள். மாற்றுத்திறனாளிச் சான்று நாடு முழுக்கச் செல்லும். உதவித்தொகை அந்தந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு. சிலர் அம்மாயி வீட்டு ரேஷன் கார்டில் பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று ஆலோசனை சொன்னார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. நிஜமாகவே குடிபெயர்வது வேறு, அது அவர்கள் முடிவு. கடைசியில் சின்னவன் தன் கூட்டாளிகளை விட்டு வரமாட்டேன் என்றான். நாற்காலியைத் தள்ள இரண்டு பேர், முறை வைத்துச் சண்டை போடுகிறார்கள்.

இப்போது

ஏழாம் வகுப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோவை, வருடம் ஒரு எக்கோ. இதய மருந்தும் தொடங்கியிருக்கிறார்கள். எழுதினால் கை சோர்கிறது. பரீட்சையில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல், பெரிய விடைகளுக்கு எழுதித்தர ஆள். விளையாட்டு வகுப்பில் அம்பயர். இரண்டு தடவை கள்ள நோபால் கொடுத்தான் என்று அவன் மேல் புகார் இருக்கிறது.

எட்டாம் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளி, மூன்று கிலோமீட்டர் தள்ளி. இந்த முறை சேர்க்கை வரும்வரை காத்திருக்கவில்லை. பிப்ரவரியிலேயே நானும் அப்பாவும் சின்னவனும் டேப்போடு போனோம். அளவைச் சின்னவன் சொல்ல, நான் எழுதினேன். வகுப்பு வாசல் 32 அங்குலம். கிணற்றடிக்குப் போகும் வழியில் ஒரு வாய்க்கால், பலகை போட்டால் போதும். கழிப்பறைக் கதவு 24. நாற்காலி 25.

"ஒரு இஞ்சு டீச்சர்" என்றான்.

அப்பா கதவு நிலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஆசாரியை ஞாயிற்றுக்கிழமை கூட்டி வருவதாகச் சொன்னார். ஜூனுக்கு இன்னும் மூன்றரை மாதம் இருக்கிறது.